பசையின் பலமும் இணைப்பின் வடிவமும்

மனிதரைச் சுமந்து ஆகாயத்தில் பறக்கும் ஒரு யந்திரத்தின் உலோக அங்கங்களை, ஆணியை நம்பாமல் பசையை நம்பிப் பிணைக்கலாம் என்னும் துணிவு இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தில் பிறந்தது. கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புரூயின் என்பவர் 1941-இல் உருவாக்கிய ரிடக்ஸ் என்னும் பசை, டி ஹாவிலண்ட் கம்பெனியாரின் ஹார்னெட் விமானத்தில் அலுமினியத்தை மரத்தோடும், யுத்தம் முடிந்த தறுவாயில் வந்த டவ் விமானத்தில் உலோகத்தை உலோகத்தோடும் பிணைத்தது. பசை உத்தமமானதாக இருந்தால் இணைப்பும் உத்தமமாகவே அமையும் என்று நாம் எண்ணுவது இயல்பே. ஆனால் பசையின் சாமர்த்தியத்தில் ஒரு பங்குதான் டப்பாவுக்குள் இருக்கிறது. மற்றொரு பங்கு அது எந்த வடிவத்தில், எவ்வளவு கனத்தில், எவற்றுக்கு நடுவே அகப்பட்டிருக்கிறது என்பதிலேயே இருக்கிறது.

ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி வைத்து ஒட்டிய இரண்டு தகடுகளை இரு புறமும் இழுத்தால், பாரம் ஒட்டிய பரப்பு முழுவதும் சமமாகப் பகிர்ந்துகொள்ளப்படுவதில்லை என்பதையும், இரு நுனிகளிலுமே அது குவிகிறது என்பதையும் 1938-இல் ஜெர்மானியரான ஃபோல்கெர்சன் கணித ரீதியாகக் காட்டினார். ஆகையால் ஒட்டும் நீளத்தை இரட்டித்தவர் பலமும் இரட்டித்துவிட்டதாக மகிழ்வதற்கில்லை. நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கும். 1944-இல் கோலண்ட், ரைஸ்னர் என்னும் இருவர் இன்னும் ஒரு படி சென்று, இழுக்கும் விசைகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாமையால் தகடுகள் வளைகின்றன என்றும், அந்த வளைவினால் நுனிகள் மேலெழும்பிப் பசையை உரிக்கத் தொடங்குகின்றன என்றும் விளக்கினார்கள். புது எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஒட்டியுள்ள சீட்டைப் பக்கவாட்டில் தள்ளிப் பெயர்க்க முயன்று தோற்றவர், ஒரு மூலையை நகத்தால் தூக்கியதும் அது சுலபமாகக் கழன்று வருவதைக் கண்டிருப்பார்; உரிதலுக்கும் சறுக்கலுக்கும் உள்ள பேதம் அதுதான்.

இப்படி உரியத் தொடங்கும் இணைப்பில் விரிசல் ஒன்று ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டு, அதை ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு முன்னேறச் செய்ய எவ்வளவு சக்தி செலவாகும் என்று கணக்கிடுவதே விரிசல் எதிர்ப்பை அளக்கும் முறை. கண்ணாடியை ஆராய்ந்த கிரிஃபித் 1920-ஆம் ஆண்டை ஒட்டி வகுத்த கருத்தின் வழிவந்தது இது. பசைக்கு இதை அளப்பவர்கள், இரண்டு உலோகச் சட்டங்களை நீளவாக்கில் ஒட்டி, ஒரு முனையில் வாயைப் பிளப்பதுபோல் மெல்லத் திறப்பார்கள். விரிசல் நீள நீள விசையின் கணக்கு மாறிக்கொண்டே போவதால், ஒவ்வொரு கணமும் விரிசலின் நீளத்தையும் அளந்தாக வேண்டியிருந்தது. அறுபதுகளில் அமெரிக்காவில் மோஸ்டவாயும் ரிப்ளிங்கும், விரிசல் செல்லும் திசையில் படிப்படியாக உயரம் கூடும் சட்டங்களைச் செய்து இந்தத் தொல்லையைப் போக்கினார்கள். சட்டத்தின் உருவத்தை மாற்றியதாலேயே விரிசலின் நீளம் கணக்கிலிருந்து நீங்கிவிட்டது. இதை மிகவும் அழகான உபாயம் என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் ஆச்சரியம் பசைப் படலத்தின் கனத்தில்தான் காத்திருந்தது. மரத்தை வச்சிரத்தால் ஒட்டும் தச்சர், இணைப்பை இறுக்கிப் பசையை வழித்துவிட்டு, படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது என்பார்; உலரும்போது சுருங்கும் வச்சிரத்துக்கு அது பொருத்தமான விதியே. வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிசாலையில் பாஸ்கம் முதலியோர், ரப்பர்த் துகள்கள் கலந்த எப்பாக்சிப் பசையைப் பல கனங்களில் பரிசோதித்து 1975-இல் வெளியிட்ட முடிவு அந்த விதிக்கு உடன்படவில்லை. படலம் தடிக்கத் தடிக்க விரிசல் எதிர்ப்பு ஏறியது. அரை மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின்னாக உச்சத்தை அடைந்தது. அதற்குமேல் தடித்தபோது மறுபடியும் இறங்கியது.

காரணம் விரிசலின் முனையில் இருக்கிறது. அங்கே பசை உடனே முறிவதில்லை. முறிவதற்கு முன் ஒரு சிறு பிரதேசம் இளகி நீண்டு சக்தியை விழுங்குகிறது, அந்தப் பிரதேசம் எவ்வளவு விஸ்தாரமோ அவ்வளவுக்கு விரிசல் தடைப்படுகிறது. படலம் மிக மெல்லியதானால், மேலும் கீழுமுள்ள விறைத்த உலோகம் அந்தப் பிரதேசம் வளர இடங்கொடாமல் நெருக்கிவிடும். படலத்தின் கனமும் பிரதேசத்தின் இயற்கையான குறுக்களவும் ஏறக்குறைய ஒத்திருக்கும்போது, அதே உலோகம் எதிரியாக இராமல் துணையாகி, இளகிய பகுதியைப் படலத்தின் நீளவாக்கில் முன்னோக்கி நீட்டிவிடுகிறது. படலம் இன்னும் தடித்தால் உலோகத்தின் பிடி தளர்ந்து, பசை தன் தனித்த சுபாவத்துக்கே திரும்பிவிடுகிறது. ரப்பர் சேராத வெறும் எப்பாக்சியில் இந்த நாடகம் ஏதும் நிகழாது. சதுர மீட்டருக்குச் சுமார் 100 முதல் 200 ஜூல் வரையே விழுங்கும் அதன் இளகும் பிரதேசம் மிகச் சிறியது, ஆதலால் கனம் கூடினாலும் குறைந்தாலும் அதற்கு ஒன்றுதான். ரப்பர் கலந்ததோ ஆயிரக்கணக்கான ஜூல்களை விழுங்கவல்லது. உச்சத்தைத் தரும் கனமும் நிலையானதன்று: வெப்பம் ஏறினால் இளகும் பிரதேசம் பெருக்கிறது, இழுக்கும் வேகம் கூடினால் சிறுக்கிறது, உச்சமும் அதற்கேற்ப இடம்பெயர்கிறது. ஆகவே, பரிசோதனைச்சாலைச் சட்டத்தில் கிடைத்த ஓர் எண்ணை எடுத்து, வேறு கனமும் வேறு வடிவமும் உள்ள இணைப்புக்கு அப்படியே பொருத்துவது சாஸ்திரமாகாது.

தொழிற்சாலைக்காரர்கள் இதை நன்கு உணர்ந்திருக்கிறார்கள். நசுக்கினாலும் படலம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மெலியாதபடி, ஒரே பருமனான நுண்ணிய கண்ணாடி மணிகளைச் சில பசைகளில் கலந்துவிடுகிறார்கள். நுனிகளில் பிதுங்கிய பசையை வழித்தெறியாமல் சரிவாகவே விட்டுவைப்பதும், தகட்டின் விளிம்பைச் சீவி மெலிதாக்குவதும் உரிதலைத் தணிக்கும் வழிகள். 1996-இல் உற்பத்தி தொடங்கிய லோட்டஸ் எலீஸ் காரின் அலுமினியச் சட்டகம், எப்பாக்சிப் பசையால் ஒட்டப்பட்டு, 68 கிலோகிராம் எடையோடு முடிந்துவிட்டது. அதன் இணைப்புகளில் அங்கங்கே காணும் திருகுகள் வண்டியின் பாரத்தைச் சுமப்பதற்காக வைத்தவை அல்ல, மோதலின்போது விளிம்புகள் உரிந்து திறக்காமல் பிடித்துக்கொள்வதற்காக வைத்தவை.