சரக்கில்லாத ரசீது: நாவலிலும் நாட்டிலும்

மதிய வேளையில் வியாபாரம் சற்று ஓய்ந்ததும் கல்லா அருகே ஒரு நாவலைப் புரட்டுகின்ற பழக்கம் வணிகர்களில் பலருக்கு உண்டு. பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களின் காலம் தொட்டு, கைபேசியில் தொடர் பார்க்கும் இன்று வரை, ஒரு வகைக் கதைக்கு மட்டும் மவுசு குறையவே இல்லை. ஒரு பெரும் பணக்காரர், அவருக்குப் பின்னால் ஓர் அரசியல் புள்ளி, நடுவே மாயமாய் மறைந்த கோடிகள், இவர்களைத் துருவித் துருவிக் கேட்கும் ஒரு பத்திரிகையாளர். இந்த நால்வகைச் சரக்கும் இருந்தால் போதும், கதை விறுவிறுப்பாக ஓடும்.

பொழுது போவதற்காகத்தான் படிக்கிறோம். ஆனாலும் மற்றவர்களை விட இக்கதைகளை நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் வணிகர்களே என்பது நமது கருத்து. ஏனெனில் பெரும்பாலான மோசடிக் கதைகளின் முடிச்சு ஒன்றே ஒன்றுதான். காகிதம் இருக்கும், சரக்கு இருக்காது.

போலந்தில் ஒரு தகரக் கொட்டகை

உலகெங்கும் விற்றுத் தீர்ந்த 'மில்லெனியம்' நாவல் வரிசையின் முதல் நூல் 2005இல் சுவீடனில் வெளியானது. அதை எழுதிய ஸ்டீக் லார்சன் தாமே ஒரு பத்திரிகையாளர். தம் நூல் அச்சேறுவதைக் காணாமல் 2004இல் காலமானார். கதையில் வரும் தொழிலதிபர், போலந்து நாட்டில் தொழிற்சாலை அமைப்பதாகச் சொல்லி அரசு உதவிப் பணத்தைப் பெறுகிறார். கணக்கு காகிதத்தில் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அங்கே உண்மையில் இருந்ததோ ஓட்டைக் கொட்டகையும் பழைய இயந்திரங்களும்தான். இதை எழுதப் போன பத்திரிகையாளர், கையில் போதிய ஆதாரம் இல்லாததால் அவதூறு வழக்கில் தண்டனை பெறுகிறார். கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிப்காட் தொழிற்பேட்டையைத் தினமும் கடந்து போகும் ஓசூர்க்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. தொழிற்சாலை என்றால் புகைபோக்கி, ஷிப்டு, சம்பள நாள், அன்று மாலை மளிகைக் கடையில் கூடும் கூட்டம். இவை ஒன்றும் இல்லாத தொழிற்சாலை வெறும் பெயர்ப்பலகைதான்.

முந்த்ரா விவகாரம்

இந்தக் கதைகளை மிஞ்சும் நிகழ்ச்சி நம் நாட்டிலேயே நடந்தது. ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு ஏற்று 1956இல் எல்.ஐ.சி.யை அமைத்தது. மறு ஆண்டே, ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு நிறுவனப் பங்குகளில் எல்.ஐ.சி. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தொகையை முதலீடு செய்தது. ஜெஸ்ஸாப், ரிச்சர்ட்சன் க்ரூடாஸ் ஆகியவை அவற்றில் அடங்கும். இப்படிப்பட்ட கொள்முதலை ஆராய எல்.ஐ.சி.க்கு ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. ஆனால் அதை முன்கூட்டிக் கலக்கவில்லை. கூட்டு வியாபாரத்தில் பங்காளிகளைக் கேட்காமல் ஒருவர் லோடு இறக்கினால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம்.

1957 டிசம்பரில் மக்களவையில் இதைக் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். பிரதமர் நேருவின் மருமகனும் ஆளுங்கட்சி உறுப்பினருமான பெரோஸ் காந்தி. பத்திரிகை நிர்வாகத்தில் அனுபவம் உள்ளவர். நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் மசோதாவைக் கொண்டுவந்து 1956இல் நிறைவேறச் செய்தவரும் அவரே. அதனால் அவையில் பேசப்பட்டது மறுநாளே நாடெங்கும் அச்சில் வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா தலைமையில் ஒரு நபர் விசாரணைக் குழு அமைந்தது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையிலேயே நடந்தது.

இதில் பதவி இழந்தவர் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. வணிகர்களுக்கு அவர் அந்நியர் அல்லர். அரசியலுக்கு வருமுன் 1928இல் சென்னையில் விநியோக நிறுவனம் தொடங்கி, சோப்பு முதலான பொருள்களைக் கடை கடையாகக் கொண்டு சேர்த்தவர். தம் துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்பது சாக்ளாவின் முடிவு. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். சில ஆண்டுகளில் மீண்டும் அமைச்சரானார் என்பது வேறு கதை. கடைப் பையன் தவறாக எடை போட்டாலும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளிதான் என்ற நம் வழக்கம் அன்று டெல்லியிலும் செல்லுபடியாயிற்று.

அடுத்த ஆண்டு, 1959இல், சுதந்திராக் கட்சி பிறந்தது. அதைத் தொடங்கிய ராஜாஜி நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். அதிகாரமும் பணமும் ஒரே மேசையில் உட்காருவதை 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' என்று பெயர் வைத்துக் கண்டித்தவர்.

1992: இரண்டு பேரேடுகள்

வங்கிகள் தமக்குள் அரசுக் கடன் பத்திரங்களை விற்று, குறித்த நாளில் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம். ஒவ்வொரு முறையும் பத்திரத்தைக் கைமாற்றாமல், 'பத்திரம் எங்களிடம் உள்ளது, உங்கள் பொருட்டு வைத்திருக்கிறோம்' என்று வங்கி ரசீது ஒன்றை எழுதித் தருவார்கள். நம் மொழியில் சொன்னால், 'மூட்டை என் குடோனில் இருக்கிறது, சீட்டை வைத்துக்கொள்' என்பது போல.

இடையில் நின்ற தரகர்களில் ஒருவர் ஹர்ஷத் மேத்தா. வங்கிக்கும் வங்கிக்கும் நடுவே போக வேண்டிய பணம் அவர் கணக்கு வழியே பங்குச் சந்தைக்குப் பாய்ந்தது. ஏ.சி.சி. சிமெண்ட் பங்கு சுமார் 200 ரூபாயிலிருந்து 9,000 ரூபாயை நெருங்கியது. பேங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கி என்ற இரு சிறு வங்கிகள் கையில் பத்திரமே இல்லாமல் ரசீது எழுதிக் கொடுத்தன. குடோனில் மூட்டை இல்லை. சீட்டு மட்டும் ஊர் சுற்றியது.

ஸ்டேட் வங்கியின் பேரேட்டையும் ரிசர்வ் வங்கியின் பேரேட்டையும் ஒப்பிட்டபோது, இருக்க வேண்டிய பத்திரத்தில் 500 கோடி ரூபாய்க்கும் மேல் இடித்தது. 1992 ஏப்ரல் 23 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் சுசேதா தலால் இச்செய்தியை வெளியிட்டார். ரிசர்வ் வங்கியின் ஜானகிராமன் குழு பின்னர் கணக்கிட்ட தொகை சுமார் 4,000 கோடி. சுசேதா தலாலும் தேபாஷிஷ் பாசுவும் இதை நூலாகவே எழுதினார்கள். 2020இல் அது தொடராக வந்து வீடு வீடாய் ஓடியது.

தொடரைப் பார்த்த இளைஞர்கள் பலர் மேத்தாவின் காரையும் பேச்சையும் வியந்தார்கள். நாம் வியக்க வேண்டியது வேறு. இவ்வளவு பெரிய மாளிகையைச் சரித்தது வருடக் கடைசியில் நாம் செய்கிற இருப்புச் சரிபார்ப்புதான்.

அத்திப்பள்ளிக்கு அப்பால்

ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, சிறிது தூரத்தில் பெங்களூர். அங்கே 2006இல் தொடங்கிய ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம், வட்டி வாங்க விரும்பாத இஸ்லாமியக் குடும்பங்கள் பலவற்றின் சேமிப்பைத் திரட்டியது. பணம் போட்டவர்களைப் 'பங்குதாரர்கள்' என்று எழுதிக்கொண்டு மாதாமாதம் லாபப் பங்கு தந்தது. 2019 ஜூனில் அதன் தலைவர் துபாய்க்குப் போய்விட்டார். ஜூலையில் திரும்பியபோது டெல்லியில் கைதானார். பல்லாயிரம் குடும்பங்கள் புகார் மனுவுடன் வரிசையில் நின்றன. அரசு அலுவலர்கள் சிலர் மீதும் லஞ்சக் குற்றச்சாட்டு எழுந்து வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. நாவலில் வரும் அத்தனை பாத்திரங்களும் நமக்கு ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தார்கள். தமிழகத்திலும் 2022இல் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. பணம் கட்டியவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர்.

எல்லையோர வணிகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தமிழகத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டம். கர்நாடகத்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டம். இந்தப் பக்கம் பணம் கட்டி, அந்தப் பக்கம் அலுவலகம் இருந்தால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

நம் கல்லாவுக்கு வரும் திட்டங்கள்

இதுபோன்ற திட்டக்காரர்கள் ஓர் ஊருக்குள் நுழைந்ததும் தேடுவது மளிகைக் கடைக்காரரைத்தான். எந்தத் தெருவில் யாருக்குச் சம்பளம், எந்த வீட்டில் கல்யாணம் என்பது அவருக்குத் தெரியும். 'நீங்கள் சொன்னால் நம்புவார்கள், ஆளுக்கு இவ்வளவு கமிஷன்' என்பார்கள். அவர்கள் வாங்க வருவது நம் பணத்தை விட நம் பெயரை.

ஆகவே சில செய்திகளை மனத்தில் இருத்துவோம். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, பணம் வாங்கிய நிறுவனம் மட்டுமல்ல, பொய் வாக்குறுதி என்று தெரிந்தே ஆள் சேர்த்தவரும் குற்றவாளி. அதே சட்டம் சரக்குக்காக வாங்கும் உண்மையான முன்பணத்தையும் உறவினரிடம் வாங்கும் கடனையும் தடை செய்யவில்லை. அதற்காக அஞ்ச வேண்டாம். ஏலச்சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதா என்று கேட்க வேண்டும். சீட்டு நடத்துபவரின் கமிஷனுக்கு உச்ச வரம்பு நூற்றுக்கு ஏழு. வைப்பு வாங்க அனுமதி உள்ளதா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்க்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு கேள்வி இருக்கிறது. ராயக்கோட்டையிலிருந்து தக்காளி வண்டி வந்தால் கூடையை எண்ணாமல் ரசீதில் கையெழுத்துப் போடுவோமா? மாட்டோம். பருப்பு மூட்டையில் கை விட்டுப் பார்க்காமல் விலை பேசுவோமா? மாட்டோம். மளிகையில் நூற்றுக்கு எவ்வளவு நிற்கும் என்று அறிந்த நாம், மாதந்தோறும் நூற்றுக்குப் பத்து தருகிறேன் என்பவரிடம், 'எந்தச் சரக்கை விற்று?' என்று கேட்கக் கூச்சப்படலாமா?

தமக்குத் தொழில் தெரியாத இடங்களில் பத்திரிகையாளர்கள் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட கேள்வி இது. நமக்கோ தராசோடு வந்தது. நம் பணத்துக்காக மட்டுமின்றி, நம்மை நம்பிக் கடைக்கு வருகின்ற ஷிப்டு தொழிலாளியின் சேமிப்புக்காகவும் அதைக் கேட்போம்.