தாளத்துக்கு எழும் கால்

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கௌதள்ளி. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆகும்வரை, இது மைசூரு மாவட்டத்து ஊர். சிவராத்திரி வந்தால் பக்தர்கள் மலைக்குக் கூட்டமாக நடந்து போவார்கள். மாதேஸ்வரன் கதையைப் பாடுகிறவர்கள் கையில் கம்சாளை இருக்கும். அது வெண்கலத் தாளம். ஒன்று கிண்ணம்போல் குழிந்திருக்கும். மற்றொன்று தட்டையானது. இரண்டும் மோதி ஒலித்தால் கேட்பவர் கால் தானாக எழும். யாரும் சொல்லித் தர வேண்டாம்.

காது கேட்டால் கால் ஏன் எழுகிறது? மூளையில் ஒலியை அறியும் பகுதிக்கும், உடலை அசைக்கும் பகுதிக்கும் தொடர்பு உண்டு. தாளம் சீராக இருந்தால், அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளைக்கு முன்பே தெரிந்துவிடும். அதற்குள் காலைத் தயார் செய்யும்.

இதை வைத்துத்தான் பக்கவாதம் வந்தவர்களுக்கு நடைப்பயிற்சி தருகிறார்கள்.

பக்கவாதத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது. அல்லது வெடிக்கிறது. அந்த இடத்து மூளை பழுதாகிறது. ஒரு பக்கத்துக் கையும் காலும் பலம் இழக்கின்றன. கோளாறு காலில் இல்லை. காலுக்கு ஆணையிடும் இடத்தில் இருக்கிறது. அதனால் எழுந்து நடந்தாலும் ஒரு கால் இழுபடும். அந்தக் காலை ஊன்றப் பயமாக இருக்கும். ஓர் அடி நீளமாக விழும், அடுத்த அடி குட்டையாக விழும்.

"நீங்க படுங்க மாமா, நாங்க பாத்துக்கிறோம்" என்று வீட்டில் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அசைக்காத கால் விறைத்துப் போகும். பழுதான பகுதியின் வேலையை மூளையின் மற்ற பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்ளும். முதல் சில மாதங்களில் இது அதிகம் நடக்கும். அந்த மாதங்களைப் படுக்கையில் கழித்தால் பெரிய நஷ்டம்.

அமெரிக்காவில் மைக்கேல் தாவுட் என்பவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். 1997இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்த 20 பேரில் 10 பேர் தாளத்தோடு நடந்தார்கள். மற்ற 10 பேர் தாளம் இல்லாமல் நடந்தார்கள். 6 வாரம், தினமும் இரண்டு வேளை பயிற்சி. தாளத்தோடு நடந்தவர்களுக்கு வேகமும் அடியின் நீளமும் அதிகம் கூடின.

தாளம் நோயைப் போக்காது. மருந்தும் மற்றப் பயிற்சியும் தொடர வேண்டும். நடக்க விடலாமா என்று முதலில் டாக்டரிடமும் பிசியோதெரபி தருபவரிடமும் கேட்க வேண்டும்.

அவர்கள் சரி என்றால், நோயாளி இயல்பாக நடக்கும்போது அரை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். 30 அடி என்றால் ஒரு நிமிடத்துக்கு 60. தாளமும் நிமிடத்துக்கு 60 தட்டு இருக்கட்டும். ஒரு தட்டுக்கு ஓர் அடி. கையால் தட்டலாம். செல்போனிலும் தாளம் தட்டும் வசதி கிடைக்கிறது. பாட்டு வைத்தால் வேகம் மாறாத பாட்டாக இருக்க வேண்டும். கம்சாளை ஆட்டம்போல் வேகமெடுத்தால் கால் தடுமாறும்.

துணைக்கு ஒருவர், பலமில்லாத பக்கத்தில், சற்றுப் பின்னால் வரவேண்டும். பலமில்லாத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு கெட்டுவிடும். தரையில் ஈரமோ கல்லோ இருக்கக் கூடாது. தலைசுற்றினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே உட்கார வைக்க வேண்டும். முகம் திடீரெனக் கோணினாலோ பேச்சுக் குளறினாலோ 108க்குப் போன் செய்யுங்கள்.

நடை சீராகட்டும். பிறகு தாளத்தைச் சிறிது கூட்டலாம். 60 இருந்தால் 63. அதுவும் பழகிய பின், இடையில் தாளத்தை நிறுத்திப் பாருங்கள். ஒலி நின்ற பிறகும் கால் அதே சீரில் போகிறதா என்று கவனியுங்கள்.