வரப்பில்லாத பாகப்பிரிவினை

கணினியின் வன்தட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் விண்டோஸையும் மற்றொன்றில் லினக்ஸையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம், அந்தத் தட்டில் பௌதிகமான பிரிவு எதுவும் நிகழ்வதில்லை என்பதே. தகடு அறுக்கப்படுவதில்லை, இரண்டு பாகங்களுக்கும் நடுவே தடுப்பு எழுப்பப்படுவதும் இல்லை. முதற்பாகம் இன்ன எண்ணுள்ள இடத்தில் தொடங்கி இவ்வளவு நீளம் செல்கிறது, இரண்டாம் பாகம் அதற்கு அப்பால் ஆரம்பிக்கிறது என்று தட்டின் தலைப்பில் எழுதிவைக்கப்படும் ஒரு சிறு குறிப்பே சகல எல்லைகளுக்கும் ஆதாரம். வயலில் வரப்பே இடாமல், கிராமக் கணக்கில் மட்டும் சர்வே எண்ணையும் விஸ்தீரணத்தையும் எழுதிப் பாகம் பிரித்துக்கொண்ட சகோதரர்களின் நிலை இது. கணக்கேடு பத்திரமாக இருந்து, அதை இருவரும் மதிக்கும் வரையில் வெள்ளாமைக்குக் குந்தகமில்லை. ஏடு தொலைந்தாலோ, ஒருவர் அதைப் பாராமல் ஏர் பூட்டினாலோ, எவருடைய பயிர் எதுவென்று சொல்ல ஒருவராலும் இயலாது.

இந்த ஏற்பாடு பெர்சனல் கம்ப்யூட்டரின் பால்யப் பருவத்திலேயே தோன்றிவிட்டது. 1983-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் எக்ஸ்.டி. என்னும் கணினியை வெளியிட்டபோது அதனுள் 10 மெகாபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு ஒன்று இருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் சில புகைப்படங்களுக்கே போதாத அந்த இடத்தையும் ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் பங்கிட்டுக்கொள்ள வழி இருத்தல் வேண்டும் என்று, அதனுடன் வந்த டாஸ் 2.0-ஐ வகுத்தவர்கள் தீர்க்கதரிசனத்தோடு கருதினார்கள். தட்டின் முதல் செக்டரில் உள்ள 512 பைட்டுகளில், கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலுக்கு 446 பைட்டுகளும், பாகங்களின் அட்டவணைக்கு 64 பைட்டுகளும், இது செல்லத்தக்க ஏடு என்று உறுதிசெய்யும் குறிக்கு எஞ்சிய 2 பைட்டுகளும் ஒதுக்கப்பட்டன. ஒரு பாகத்திலிருந்து கணினி தொடங்கலாமா, அது எந்த இனத்தைச் சேர்ந்தது, எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு நீளம் என்ற விவரம் அனைத்தும் வெறும் 16 பைட்டுகளில் அடங்கிவிட்டது. ஆகவே நான்கு பாகங்களுக்கு மேல் அட்டவணையில் இடமில்லை. பிற்காலத்தில் ஒரு பாகத்துக்குள்ளேயே உட்பாகங்களை அமைக்கும் உபாயத்தால் அக்குறையை ஒருவாறு சமாளித்தார்கள்.

மற்றொரு குறையைச் சமாளிக்க முடியவில்லை. செக்டரைக் குறிக்கும் எண்ணுக்கு 32 பிட்டுகள் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தமையால், ஏறக்குறைய 2.2 லட்சம் கோடி பைட்டுகளுக்கு, அதாவது வழக்கில் 2 டெராபைட் என்று சொல்லப்படும் அளவுக்கு அப்பால் உள்ள இடத்தைச் சுட்ட அந்தப் பழைய அட்டவணைக்குச் சக்தியில்லை. இன்டெல் நிறுவனத்தின் ஈ.எஃப்.ஐ. முயற்சியிலிருந்து பிறந்த ஜி.பி.டி. என்னும் புதிய அட்டவணை 64 பிட் எண்களைக் கொண்டது. வழக்கமாக 128 பாகங்களுக்கு அதில் இடமுண்டு. ஆனால் என் அபிப்பிராயத்தில் அதன் பெருமை இந்த விசாலத்தில் இல்லை. அட்டவணையின் பிரதி ஒன்றைத் தட்டின் கடைக்கோடியிலும் வைத்து, ஏடு சிதைந்திருக்கிறதா என்று சோதித்தறியும் எண் ஒன்றையும் உடன் வைத்தார்களே, அதுவே போற்றத்தக்க செயல்.

இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்தாலும் ஒரு சமயத்தில் ஆட்சி செய்வது ஒன்றே. எது என்று கணினியை ஆன் செய்ததும் கேட்டு நிற்பது பூட் லோடர் என்னும் சிறு நிரல். 1995-ஆம் ஆண்டு எரிக் போலின் தொடங்கிவைத்த கிரப் என்பதே இவற்றுள் இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் பிரசித்தமானது. பழைய கணினிகளில் எல்லோருக்கும் பொதுவாக அந்த 446 பைட் இடம் ஒன்றே இருந்ததால், கடைசியாக நிறுவப்படுவது முன்னதை அழித்துவிடும். விண்டோஸ் பிறரைப் பற்றிய விசாரணையே இன்றித் தன் நிரலை எழுதிவிடும் ஸ்வபாவம் உடையதாகையால், முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற விதி ஏற்பட்டது. முன்சொன்ன ஈ.எஃப்.ஐ.யின் வழிவந்த யூ.இ.எஃப்.ஐ. என்னும் தொடக்க முறை உள்ள தற்காலக் கணினிகளிலோ இதற்கென்றே ஒரு சிறு பாகம் தனியே உண்டு. ஒவ்வோர் இயங்குதளமும் அதில் தனக்குரிய கோப்புறையில் தன் நிரலை வைத்துக்கொள்ள, எதை முதலில் எழுப்புவது என்ற வரிசையை மதர்போர்டு நினைவில் வைத்திருக்கிறது. ஆயினும் பழைய விதியை அனுசரிப்பதால் இன்றும் நஷ்டமில்லை.

ஒன்று போதாதா, இரண்டு எதற்கு என்று வினவுவோர் உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸ், தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. வேறெங்கும் மற்றோர் இயங்குதளத்தைக் கண்டிராத பிள்ளைகள், ஒரே இயந்திரத்துக்கு இரு வேறு ஆன்மாக்கள் இருத்தல் கூடும் என்று அதனால் அறிந்தார்கள். கணினிக் கல்வியில் அதைவிட மேலான பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டபடியால், விண்டோஸ் 11-ஐத் தாங்கும் தகுதியில்லாத நல்ல கணினிகளை வைத்திருப்போருக்கும் இது யோசிக்கத்தக்க மார்க்கமே. பழகிய வீட்டை இழக்காமலே புதிய வீட்டில் குடியிருந்து பார்க்கும் சுதந்திரத்தை இது அளிக்கிறது.

அபாயம் இருக்கும் இடம், இருக்கின்ற விண்டோஸ் பாகத்தைச் சுருக்கி இடம் உண்டாக்கும் கட்டம். ஏட்டில் எண்ணை மாற்றுவதற்கு முன், பாகத்தின் கடைசிப் பகுதியில் கிடக்கும் கோப்புகளையெல்லாம் முன்பகுதிக்கு நகர்த்தியாக வேண்டும். அந்த வேலை நடக்கும்போது மின்சாரம் நின்றுபோனால் கோப்புகள் நிலைகுலையக் கூடும். தட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும், விண்டோஸ் சிறிதளவே சுருங்கச் சம்மதிப்பதைக் கண்டு திகைப்பவர்கள் பலர். நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருக்கும் பேஜ் ஃபைல் முதலான நகர்த்த இயலாத கோப்புகள் கடைசிப் பகுதியில் உட்கார்ந்திருப்பதே அதற்குக் காரணம். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துக் கணினியை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் வழி திறக்கும்.

இதனினும் நுட்பமான தொல்லை, ஒவ்வோர் இயங்குதளமும் இக்கணினி முழுவதும் தனக்கே உரியது என்று எண்ணிக்கொள்வதால் விளைவது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. விரைவில் எழுவதற்காகத் தன் மையப்பகுதியின் நிலையை ஒரு கோப்பில் எழுதிவிட்டு உறங்கப் போகிறது. அவ்வேளையில் லினக்ஸ் எழுந்து விண்டோஸ் பாகத்தில் ஏதேனும் எழுதிவிட்டால், உறக்கம் கலைந்த விண்டோஸ் தன் பழைய நினைவையே மெய்யென்று நம்பி அதன்மேல் எழுத, கோப்புகள் நாசமாகின்றன. இதை உணர்ந்தே லினக்ஸ் அத்தகைய பாகத்தைப் படிக்க மட்டும் திறக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்னும் அந்த வசதியை நீக்கிவிடுவது உத்தமம். கடிகாரத்திலும் இதே பிணக்குத்தான். மதர்போர்டில் சிறு பேட்டரியால் ஓடும் கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டுவதாக லினக்ஸும், உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸும் கொள்கின்றன. ஆதலால் நம் நாட்டில், லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் காலை 10 மணிக்குக் கணினி 4.30 என்று காட்டும். இரண்டில் ஒன்றை மட்டும் மற்றதன் வழக்கத்துக்கு மாற்றிக்கொண்டால் இந்த ஐந்தரை மணி நேர வேற்றுமை தீர்ந்துவிடும்.

ஏட்டை மதிக்காத கட்டளை ஒன்று என்ன செய்யும் என்பதற்கு லினக்ஸின் சரித்திரத்திலேயே சான்று உண்டு. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல், ஆண்ட்ரூ டானன்பாம் இயற்றிய மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தம் கணினியில் வைத்துக்கொண்டு, அதன் துணையோடு தமது புதிய படைப்பை எழுதிவந்தார். பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்பு கொள்வதற்காக மோடத்துக்கு அனுப்ப வேண்டியதை அவர் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட, மினிக்ஸ் இருந்த பாகம் பாழாயிற்று. அதை மீண்டும் நிறுவுவதா, தம்முடைய லினக்ஸையே நம்பி வாழ்வதா என்று யோசித்தவர் இரண்டாவதையே தேர்ந்தார். அவர் இழந்ததைத் தாமே எழுதி ஈடுசெய்யும் வல்லமை அவருக்கு இருந்தது. நம் குடும்பப் புகைப்படங்களையும் ஆண்டுக்கணக்கான எழுத்துகளையும் அவ்விதம் மறுபடி எழுதிக்கொள்ள நம்மால் ஆகாது.

பழைய காந்தத் தட்டுகளிலாவது முதற்பாகம் ஒரு புறமும் இரண்டாம் பாகம் மறுபுறமும் பெரும்பாலும் தொடர்ச்சியாக இருந்தன. இன்றைய எஸ்.எஸ்.டி.யில் அதுவுமில்லை. ஃப்ளாஷ் நினைவகத்தின் அறைகள் எழுத எழுதத் தேய்பவை ஆகையால், தேய்மானம் எங்கும் சமமாகப் பரவும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்துகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸின் கோப்பும் லினக்ஸின் கோப்பும் ஒரே சில்லில் அண்டை அறைகளில் இருக்கக்கூடும். சில்லு பழுதானால் இரண்டும் ஒருமிக்கப் போகும். ஆதலால் ஒரே கணினியின் மற்றொரு பாகத்தில் எடுத்துவைத்த பிரதியைப் பிரதி என்று கருத வேண்டாம். பாகம் பிரிக்கும் நிரலைத் திறப்பதற்கு முன்பே முக்கியமான கோப்புகளை வெளியே உள்ள வேறொரு தட்டில் நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்; விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருக்குமானால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக் கணினிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.