மங்களூரில் உப்பு தங்காது

எங்கள் வீட்டுக்கு மழை ஒருநாளும் நல்ல செய்தியாக வந்ததில்லை. தூத்துக்குடியில் அப்பா கொஞ்சம் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். தை மாதம் பாத்தியைச் சீர்செய்து, நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாய்ச்சுவார்கள். பங்குனியிலிருந்து வெயிலும் காற்றும் சேர்ந்து உப்பை விளையவைக்கும். புரட்டாசி வரை அதுதான் பிழைப்பு. நடுவில் சித்திரையில் ஒரு கோடை மழை இறங்கினால் போதும், வாரத் தயாராக இருந்த பாத்தி மறுபடியும் தண்ணீராகிவிடும். ஊரே ‘அப்பாடா’ என்று வாசலில் வந்து நிற்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் மட்டும் யாரும் பேச மாட்டோம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வங்கியில் பதவி உயர்வு வந்தபோது, கூடவே வந்த மாறுதல் உத்தரவில் மங்களூர் என்று இருந்தது.

தூத்துக்குடியில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 650 மி.மீ. மங்களூரில் 3,500 மி.மீ.க்கும் மேல். ஜூலை ஒரு மாதத்து மழையே 1,000 மி.மீ.யைத் தொட்டுவிடும். எங்கள் ஊரின் ஆண்டு மழையை இங்கே ஒரு மாதத்துக்குள் கொட்டி முடித்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் இரண்டு ஊரிலும் வீசுவது ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். அரபிக்கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, சுமையை மேற்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்துபோகிறது. ஆடி மாதத்தில் தூத்துக்குடித் தெருவில் மண்ணை வாரியடிக்கும் காற்று அதுதான். மேற்குக் கரையை நனைத்துவிட்டு வரும் காற்றுதான் எங்கள் உப்பைக் காயவைத்தது என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் உறைத்தது.

வங்கிக்காரர்கள் மங்களூருக்கு வருவதில் புதுமை ஒன்றுமில்லை. கனரா வங்கி 1906-லும் கர்நாடகா வங்கி 1924-லும் விஜயா வங்கி 1931-லும் பிறந்த ஊர் இது. ஆனால் மாறுதல் உத்தரவுகள் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள்தான் வரும். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கு அது வசதி. மங்களூருக்கு வருகிறவர்களுக்கோ அதைவிட மோசமான நேரம் கிடையாது. பெட்டியைப் பிரிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். நின்று வீடு பார்க்க முடியாது, கிடைத்ததில் நுழைய வேண்டியதுதான். இந்த ஊரை வெறுத்துத் திரும்பிப் போனவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ஜூனில் வந்தவர்கள்.

நான் வந்தது தாமதமாகக் கிடைத்த உத்தரவில், ஜனவரியில். வெயில் சுள்ளென்று அடித்தது. இதற்கா பயந்தோம் என்று நினைத்தேன். வீட்டுக்கார அம்மா துளு பேசுகிறவர், எழுபதைத் தாண்டியவர். மே மாதம் பிறந்ததும் மாடியேறி வந்து, “விறகு வாங்கி வெச்சாச்சா? தார்ப்பாய்? அப்பளம்?” என்று கேட்டார். எங்களுக்கு கேஸ் அடுப்பு இருக்கிறதே என்றேன். “துணி எதுல காயவைப்பே?” என்றார்.

இந்த ஊரின் உண்மையான பருவம் மே மாதம்தான் என்று இப்போது சொல்வேன். மழை பெய்யும் நாலு மாதமும் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஓடு மாற்றுகிறவர்கள் கூரைமேல் ஏறுவார்கள். பலாப்பழ அப்பளம் பாயில் காயும். பலாச்சுளையையும் மாங்காயையும் உப்புநீரில் ஊறப்போட்டு ஜாடியின் வாயைக் கட்டுவார்கள். கருவாடு வாங்கி அடுக்குவார்கள், ஏனென்றால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. நம் கரையில் அந்தத் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. அங்கேயும் இங்கேயும் 61 நாள்தான், மாதம்தான் வேறு. இந்தக் கணக்கு புரியாமல் ஜூலையில் நல்ல மீன் கேட்டு நான் சந்தையில் நின்றிருக்கிறேன்.

வங்கிக்கு வருகிறவர்களின் முகத்திலும் மே மாதம் தெரியும். பாக்குத் தோட்டக்காரர்கள் மருந்தடிக்கப் பணம் எடுக்க வருவார்கள். மழைக்காலத்தில் பாக்குக் குலையைப் பூஞ்சணம் தாக்கிக் காயெல்லாம் அழுகி உதிரும். இங்கே அதற்குக் கொளெரோகம் என்று பெயர். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்த போர்டோ கலவையை, மழை வலுப்பதற்கு முன் ஒருமுறை அடிக்க வேண்டும், நாற்பது நாற்பத்தைந்து நாள் கழித்து இன்னொருமுறை. முதல் முறையைத் தவறவிட்டால் அந்த வருட வரவு மண்ணில்தான். கடன் கேட்டு வந்த ஒரு பெரியவரிடம், ஜூனில் தருகிறேன் என்று நான் சொன்னபோது அவர் சிரித்தார். “மழைக்கு அப்புறம் குடை எதுக்கும்மா?” என்றார். அந்த வாரமே கொடுத்துவிட்டோம்.

இனி உப்புக்கு வருகிறேன். ஊரிலிருந்து அம்மா கல்லுப்பு கொடுத்தனுப்புவார்கள். எங்கள் வீட்டில் கடை உப்பு வாங்குவது அவமானம். ஜூன் கடைசியில் டப்பாவைத் திறந்தால் பாதி தண்ணீர். கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். விஷயம் வேறு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கல்லுப்பில் கொஞ்சம் மெக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் அது அதற்கும் முன்பே கசியும். மங்களூரில் ஜூலை மாத ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஆகவே இந்த ஊரில் திறந்துவைத்த உப்பு உப்பாக இருக்க வழியில்லை. வீட்டுக்கார அம்மா வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து தந்தார், ஜாடியில் போட்டு மூடச் சொன்னார். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்குக் கோபம்தான் வந்தது. நல்ல வெள்ளை உப்பாயிற்றே, அது எப்படிக் கரையும் என்றார்.

உப்புக்கு நேர்வதுதான் மற்ற எல்லாவற்றுக்கும். தோல் பையில் பச்சையாகப் பூஞ்சை பூக்கும். சான்றிதழ் ஒன்றோடொன்று ஒட்டும். வங்கியில் ஈர நோட்டு எண்ணும் இயந்திரத்தில் சிக்கும். பருத்திச் சேலைகளை நான் செப்டம்பர் வரை மூட்டை கட்டி வைத்துவிடுகிறேன். துவைத்த துணி மூன்றாம் நாளும் காயாமல் ஒரு வாடை வீசும் பாருங்கள், வெயில் ஊரிலிருந்து வந்தவர்களை அழவைப்பது இடியோ வெள்ளமோ அல்ல, அந்த வாடைதான். அம்மா போனில் வேறெதையும் கேட்பதற்கு முன், “ஏட்டி, துணி காஞ்சிச்சா?” என்றுதான் கேட்பார்கள்.

இதற்கெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் வீட்டிலேயே விடை வைத்திருந்தார்கள். செம்புரைக்கல் சுவர், சரிந்த ஓட்டுக் கூரை, சுவரை நனையவிடாமல் வெளியே நீண்ட தாழ்வாரம், அடுப்படிக்கு மேலே பரண். புகையும் சூடும் மேலேறிப் பரணில் இருக்கிற தேங்காய், விதை, துணி எல்லாவற்றையும் உலர்த்தும். நம் ஊரில் ‘மங்களூர் ஓடு’ என்று சொல்கிறோமே, அதற்கான முதல் தொழிற்சாலையை பாசல் மிஷன் இங்கே 1865-ல் தொடங்கியது. களிமண் ஆற்றங்கரையிலேயே கிடைத்தது. அந்த ஓடு தென்னிந்தியாவெங்கும் போயிற்று. ஆனால் மங்களூரே இப்போது அதை விட்டுவிட்டு, நம் தூத்துக்குடித் தட்டட்டியைப் போல தட்டையான கான்கிரீட் தளம் போட்டு அடுக்குமாடி கட்டுகிறது. நாலு மழைக்குள் தளம் கசியும். பிறகு அதன்மேல் இரும்புத் தூண் நட்டு, தகரக் கூரை ஒன்று சாய்வாகப் போடுவார்கள். நகரத்தின் எந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் இந்த இரட்டைக் கூரைகள் கண்ணில் படும். முதலிலேயே சாய்த்துக் கட்டியிருக்கலாம் என்று சொல்ல நான் யார்? வாடகைக்கு இருப்பவள்.

ஆடி மாதம் இங்கேயும் உண்டு. துளுவில் ஆட்டி என்பார்கள். அதுவும் சூரிய மாதம்தான், நம் ஆடியோடு சேர்ந்தே வரும். அப்போது கல்யாணம் கிடையாது, வயலிலும் நடவு முடிந்து கையில் வேலையும் இருக்காது. சேம்பு இலையில் அரிசி மாவு மசாலா தடவிச் சுருட்டி வேகவைக்கும் பத்ரொடெ, தகரைக் கீரை, மூங்கில் குருத்து என்று வேலியோரத்தில் முளைப்பதெல்லாம் சமையலுக்கு வரும். ஆட்டி அமாவாசையன்று விடிவதற்குமுன் ஏழிலைப்பாலை மரத்தின் பட்டையைக் கல்லால் தட்டி எடுத்துக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. மரம் அறிந்தவர் கையால் மட்டுமே வாங்கிக் குடிக்க வேண்டும். இருட்டில் எட்டி மரத்தைத் தட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பழங்காலத்தில் இல்லாமையில் தின்றதை இப்போது ஹோட்டல்களில் ஆட்டி விருந்து என்று பரிமாறுகிறார்கள். எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பத்ரொடெவுக்காகவே ஜூலையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இழப்பு இல்லையென்று சொல்லவில்லை. தட்டட்டியில் பாய் விரித்துப் படுப்பது போயிற்று. சாயங்காலக் கடற்காற்றுக்காக வெளியே நடப்பது நாலு மாதத்துக்கு இல்லை. மழை பிடித்துக்கொண்டால் தொடர்ந்து பல நாள் சூரியனே தெரியாது, காலை பத்து மணிக்கும் வீட்டில் விளக்கெரியும். காரணமில்லாமல் எரிச்சல் வரும், தூக்கம் தூக்கமாக வரும். பகல் வெளிச்சம் உடம்பின் தூக்கக் கடிகாரத்தை ஓட்டும் விசை என்பதால் இதில் வியப்பில்லை. மழை விட்ட நேரம் பார்த்து எப்படியாவது வெளியே போய் அரைமணி நடப்பது எனக்கு உதவுகிறது. கொசு இன்னொரு தலைவலி. மங்களூருக்கு மலேரியா ஊர் என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. மழையில் சிராடி மலைப்பாதையில் மண் சரிந்தால் பெங்களூரு போகும் சாலை அடைபடும். ஊருக்குப் போக நினைத்த நாளில் போக முடியாது.

இன்னொரு வேடிக்கை, இத்தனை மழை பெய்தும் கோடையில் இங்கே தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும். நேத்ராவதியின் குறுக்கே தும்பெயில் கட்டியிருக்கும் அணைதான் நகரத்துக்குக் குடிநீர். 2019 கோடையில் அதில் நீர் குறைந்து, முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். சரிவான ஊர், பெய்ததெல்லாம் ஓடிக் கடலில் விழுந்துவிடுகிறது. வந்த முதல் மழையில் நான் பொறாமையோடு பார்த்த தண்ணீர் அத்தனையும் அப்படிப் போனதுதான்.

அந்தப் பொறாமையும் 2023 டிசம்பரில் தீர்ந்தது. 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மங்களூர் ஒரு ஜூலை முழுக்க வாங்கிக்கொள்வதை அந்த ஊர் ஒரே நாளில் வாங்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மின்சாரம் இல்லை, போன் கிடைக்கவில்லை. நானோ ‘மழை ஊரில்’ பளிச்சென்ற மார்கழி வெயிலில் நின்றுகொண்டு மறுபடி மறுபடி எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அப்பா அடுத்த ஆடியில் இங்கே வந்து சில வாரம் இருந்தார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, மழையை ஒரு பழைய கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் ஓடையில் தண்ணீர் நுரைத்து ஓடுவதைக் காட்டி, “இங்க தண்ணிக்கு வழி விட்டு வெச்சிருக்கான். நாம விடல” என்றார். அந்த மாவட்டத்தில் பிறந்த யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். மங்களூரிலும் கொட்டாரச் சௌக்கியும் பம்ப்வெல்லும் வருடாவருடம் மூழ்கத்தான் செய்கின்றன, அங்கேயும் வழியை அடைத்ததுதான் காரணம். அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் எங்கள் கிளைக்கு ஜூன் மாதம் வந்து சேர்ந்தார். அவசரத்தில் தரைத்தளத்தில் வீடு பிடித்தார். பின்பக்கம் மண்மேடு, வெளிச்சமே வராது. ஆகஸ்டில் பிள்ளைக்கு மூச்சிரைப்பு. அடுத்த ஆண்டே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார், மங்களூர் என்றாலே இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது அந்த ஒரு வீட்டைத்தான், அந்த வீட்டில் நானும் இருந்திருக்க மாட்டேன்.

மழை எனக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. வெயில்தான் இன்னமும் பிடிக்கும். ஆனால் அடுத்த மாறுதலுக்கு விருப்ப ஊர் எழுதச் சொன்னபோது தூத்துக்குடி என்று எழுதாமல் இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

இந்த மே மாதம் மேற்குக் கரைக்கு மாறுதல் வாங்கி வருகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். முடிந்தால் இரண்டு மாதம் விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்குங்கள். ஜூலையில் வீடு பாருங்கள். தரைத்தளம் வேண்டாம், மேட்டை ஒட்டிய வீடு வேண்டவே வேண்டாம். கூரை போட்ட மொட்டைமாடி இருந்தால் வாடகை கூடுதலானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், துணி காயும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அலமாரியை நகர்த்தச் சொல்லி, அதன் பின்சுவரைக் கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.