கணினி அறிவியல் மாணவர் ஆய்வுத் திட்டத்தில் தலைப்புத் தேர்வு: வல்லின ஒற்று வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்
கணினி அறிவியல் மாணவர் ஆய்வுத் திட்டங்களில், கையாளும் முறையை முதலிலும் ஆய்வுச் சிக்கலைப் பின்னரும் முடிவு செய்யும் போக்கு காணப்படுகிறது. ஒரு பருவத்திற்குள் விடை காணத்தக்க வினாவாகத் தலைப்பைக் குறுக்கும் முறையைத் தமிழ்ச் சந்தி சார்ந்த சான்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வுத் தலைப்பு, மொழித் தொழில்நுட்பம், சந்தி, இரண்டாம் வேற்றுமை, மதிப்பீடு.

முன்னுரை
'ஆழ்கற்றல் வழித் தமிழ்ச் சந்திப்பிழை திருத்தி' என்பது தலைப்புப் போலத் தோன்றினும், அது ஒரு கருவியின் பெயரேயாகும். எதனை அறிய விழைகிறோம் என்பது அதில் இல்லை. கருவி இயங்கினால் வெற்றி, இயங்காவிடில் தோல்வி என்ற அளவில் மதிப்பீடு நின்றுவிடுகிறது.

வினாவைக் குறுக்குதல்
சந்தி விதிகள் பலவற்றை நேரடியாக நிரலாக்கலாம். நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு'வை அடுத்து வல்லினம் மிகும் என்பது அத்தகையது. இரண்டாம் வேற்றுமை விரியிலும் வல்லினம் மிகும். ஆயின், சொல்லிறுதி ஐகாரம் உருபா, சொல்லின் பகுதியா என்பதை எழுத்தைக்கொண்டு மட்டும் கணினி அறிய இயலாது. 'வேலை கொடுத்தான்' என்பது பணியைக் குறிக்கும். 'வேலைக் கொடுத்தான்' என்பது வேற்படையைக் குறிக்கும். 'வாளை பிடித்தான்' எனின் மீன். 'வாளைப் பிடித்தான்' எனின் படைக்கருவி. காலை, பாலை, ஆலை என்பனவும் இவ்வகையின. 'ஒற்று விடுபட்ட தொடரில், சூழ்ந்துள்ள சொற்களைக்கொண்டு இவ்விரு பொருளையும் பிரித்தறிய இயலுமா?' என்று கேட்கும்போதே தலைப்பு ஆய்வு வினாவாகிறது.

தரவும் மதிப்பீடும்
பிராகா நகரின் சார்லசு பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ்த் தொடரமைப்பு மரவங்கி 600 தொடர்களையே உடையது. இவ்வினாவிற்கு அது போதாது. எனவே, செம்மையான பதிப்புகளிலிருந்து இச்சொற்களை அடுத்துக் க, ச, த, ப வருக்கங்கள் வரும் தொடர்களைத் திரட்டி, ஒற்றுள்ள இடங்களில் அதனை நீக்கிக் கணினிக்கு அளிக்கலாம். மூலத்தில் ஒற்று இருந்ததா இல்லையா என்பதே விடைக்குறிப்பாகும். பதிப்புகளிலும் பிழை நேருமாதலின், ஒரு பகுதியைத் தமிழாசிரியர் இருவர் தனித்தனியே குறித்தல் வேண்டும். அவர்தம் உடன்பாட்டை ஜேக்கப் கோஹன் 1960இல் முன்வைத்த கப்பா அளவையால் கணிக்கலாம்.

'வேலை' வரும் 100 தொடர்களுள் 90 பணியைக் குறிப்பதாகக் கொள்வோம். எப்போதும் 'பணி' என்றே விடையளிக்கும் நிரல் 90 விழுக்காடு சரியாக அமையும்; ஆயினும் வேற்படையை ஒருமுறையேனும் இனங்காணாது. ஆகவே, இத்தகைய எளிய நிரலோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் முடிவைத் தனித்தனியே காட்டுதல் வேண்டும். ஒரே நூலின் தொடர்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலத்தலும் ஆகாது.

முடிவுரை
இவ்வினாவிற்கு 'இயலும்' என்ற விடை பிழைதிருத்திகளுக்குப் பயன்படும். 'இயலாது' எனின், எவ்வகைத் தொடர்களில் ஒற்று மட்டுமே பொருளைக் காக்கிறது என்பது தெளிவாகும். அது இலக்கண ஆய்விற்கும் வரவே. எவ்விடை கிடைப்பினும் அறிவைக் கூட்டும் வினாவே மாணவர் திட்டத்திற்குத் தகுந்தது. அதனை வகுக்கும் நிலையிலேயே தமிழ்த்துறையினர் நெறியாளரோடு இணைதல் இன்றியமையாதது.