நிலத்தை வகுப்போரும் நீரைக் காப்போரும்

நிலவமைப்பு நிபுணர் என்றவுடன், பூங்காவில் புல் பரப்பிப் பூச்செடி வைப்பவர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் மழைநீர் எவ்வழியே வந்து எவ்வழியே செல்கிறது என்று அறிவதே அவருடைய முதல் வேலையாகும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் அமைத்த ஃபென்ஸ் பூங்கா, வெள்ளத்தையும் சாக்கடைக் கேட்டையும் போக்கவே வகுக்கப்பட்டது.

உதாரணம் தேடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. அஸ்தம்பட்டிக்கு வடக்கே கன்னங்குறிச்சியில் 58 ஏக்கர் பரப்புள்ள மூக்கனேரி இருக்கிறது. சேர்வராயன் மலைச் சரிவில் பெய்யும் மழையே அதற்கு வரத்து. வண்டலும் குப்பையும் சேர்ந்து மேடிட்டிருந்த அவ்வேரியை, 2010-ஆம் ஆண்டில் சேலம் மக்கள் குழு பொதுமக்கள் துணையுடன் சீர்செய்யத் தொடங்கியது.

தூர் எடுப்பதில் பெரிய சங்கடம், எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்பதே. மூக்கனேரியில் அம்மண்ணைக் கொண்டே ஏரிக்குள் பல திட்டுகள் எழுப்பி, அவற்றின்மீது மரக்கன்றுகள் நட்டனர். நீர்மட்டத்திற்கு மேல் நிற்கும் மண்ணின் அளவுக்கு ஏரியில் நீர் கூடுதலாகத் தங்கும். வேர்கள் திட்டைக் கரையாமல் பிடித்து நிறுத்தும். மரங்கள் பறவைகளுக்கு இருப்பிடமாகும். தங்கிய நீர் ஊறிச் சுற்றுப்புறக் கிணறுகளை எட்டும். சங்கடமாயிருந்த மண்ணே சாதனமாயிற்று. நிலவமைப்புக் கலையின் சாரம் இதுவே.

இதில் நமக்கு நேரான பாடம் ஒன்றுண்டு. அதே மலைப்பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு, சேலம் நகரின் ஊடே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. சாயக்கழிவும் சாக்கடையும் கலந்ததால் அந்த ஆறு மாசுற்றது. சுத்திகரிக்காமல் வெளியேறும் சாயத்தொட்டி நீர், இறுதியில் விவசாயியின் கிணற்றையே சேர்கிறது. நூலை நம்பி வாழ்வோரும் நிலத்தை நம்பி வாழ்வோரும் ஒரே நீரைத்தான் நம்பியிருக்கிறோம்.

ஆகையால், நம் ஊரில் குளமோ வாய்க்காலோ சீர்செய்யும் யோசனை வரும்போது மூன்று கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். நீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? வேலை முடிந்தபின் பராமரிப்பவர் யார்? மூன்றாம் கேள்விக்கு விடையில்லாத வரைபடம், எவ்வளவு அழகாயிருப்பினும், சில மழைக்காலங்களுக்குமேல் நில்லாது. அவ்விடையை அளிக்க வேண்டியவர்கள் நிபுணர்கள் அல்லர், ஊராராகிய நாமே.