இரும்பு மனிதனும் காவல் பெட்டியும்: 'பாதிப்பு' என்ற சொல் பற்றிச் சில குறிப்புகள்

1

'பாதிப்பு' என்கிற சொல்லை நமது விமர்சகர்கள் கையாளும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. மேற்கே ஒரு மூலப்பிரதி, இங்கே அதன் நகல். மூலத்தைப் பார்த்தவன் நகலைச் செய்தான், நகலைப் படித்தவன் ஏமாந்தான். இவ்வளவுதான் அவர்கள் சொல்லும் கதை. இந்தக் கணக்கு தமிழ்க் காமிக்ஸ் விஷயத்தில் செல்லாது. பழைய விஞ்ஞானத் தொலைக்காட்சித் தொடர்கள் பின்னால் வந்த அதிமனிதக் காமிக்ஸுகளுக்குள் ஊடுருவின என்பது உண்மை. ஆனால் தொண்டாமுத்தூரிலோ ஆலாந்துறையிலோ திண்ணையில் உட்கார்ந்து அந்தக் காமிக்ஸைப் படித்த பையன்களுக்கு மூலம் என்று ஒன்று கண்ணில் பட்டதே இல்லை.

வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வெளிவந்தது 1972இல். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975இல். கோவைப் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சாயத்து டிவிப் பெட்டி முன்னால் ஜனம் கூடியது எண்பதுகளில். ஆக, தொலைக்காட்சி போட்டுக்கொடுத்த கற்பனை தொலைக்காட்சிக்கு முன்னாலேயே காகித வழியாக இங்கே வந்து இறங்கிவிட்டது. எண்பதுகளில் தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்', 'ஜெயன்ட் ரோபோ' எல்லாம் வந்தபோது, "இது நம்ம ஆர்ச்சி மாதிரியே இருக்குதுங்க" என்றுதான் இங்கத்துப் பையன் சொல்லியிருக்க முடியும். அவனைப் பொறுத்தவரை ஆர்ச்சிதான் மூலம்.

2

ஊடுருவல் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி.யில் 'டாக்டர் ஹூ' தொடங்கியது. அதன் நாயகன் காலத்தைக் கடப்பது லண்டன் தெருவோரத்துக் காவல் பெட்டி ஒன்றில். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் ஒருவர் நிற்குமளவு, உள்ளே போனால் ஊடு பெரிசு. போகிற இடத்துக்குத் தக்கபடி அது உருமாறும் என்பதுதான் முதல் யோசனை. வாரம் ஒரு பெட்டி செய்யக் காசு இல்லை. அதனால் யந்திரம் பழுதாகி ஒரே உருவத்தில் நின்றுவிட்டது என்று கதையிலேயே சொல்லிவிட்டார்கள். 1966இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்'கில் ஆட்கள் ஓரிடத்தில் கரைந்து வேறிடத்தில் தோன்றுவதும் இதே சமாச்சாரம்தான். ஒவ்வொரு வாரமும் விண்கலத்தைத் தரையிறக்கிக் காட்டச் செலவு கட்டுப்படியாகவில்லை. ஆக இவை பற்றாக்குறை பெற்ற பிள்ளைகள்.

காமிக்ஸில் இந்தப் பற்றாக்குறை கிடையாது. குடிசை வரைந்தாலும் கோட்டை வரைந்தாலும் மசி ஒன்றுதான். பிறகு ஏன் காமிக்ஸ்காரர்கள் இந்த உத்தியை எடுத்துக்கொண்டார்கள்? அவர்களுக்கு வேறொரு பற்றாக்குறை இருந்தது: இடம்.

ஆர்ச்சியை எடுத்துக்கொள்வோம். 1952இல் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையான 'லயன்' தொடங்கியபோதே வந்த இரும்பு மனிதன் அவன். முதலில் அவனுக்குப் பெயரே 'காட்டு ரோபோ'. இரண்டு வெள்ளை இளைஞர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு ஆப்பிரிக்கக் காடுகளில் சாகசம் செய்வார்கள். அறுபதுகளில் ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை அடைகின்றன. வெள்ளைக்காரன் யந்திரத்தோடு போய் இறங்க 'வெற்றுக்காடு' என்று ஒன்றை இனி சும்மா வரைந்துவிட முடியாது. அறுபதுகளின் கடைசியில் ஆர்ச்சிக்குக் கால யந்திரம் ஒன்று கிடைக்கிறது. சதுரங்கக் காய் மாதிரி கோட்டை வடிவம், பெயரும் 'கோட்டை'யேதான். டாக்டர் ஹூவின் பெட்டிக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்பது பார்த்தாலே தெரியும். பூமியில் இழந்த காலனிகளுக்குப் பதிலாகக் காலத்திலேயே காலனிகள் திறக்கப்படுகின்றன. இறந்தகாலமும் எதிர்காலமும் புதிய காடுகளாகின்றன. விஞ்ஞானத் தொலைக்காட்சியிலிருந்து காமிக்ஸ் இரவல் வாங்கியது யந்திரத்தை மட்டுமல்ல, தப்பிக்கும் வழியையும் சேர்த்துத்தான்.

3

அமெரிக்க அதிமனிதக் காமிக்ஸில் இந்த இரவல் இன்னும் வெளிப்படை. 1981இல் 'எக்ஸ்-மென்' இதழ்களில், இருண்ட எதிர்காலத்திலிருந்து ஒருத்தி திரும்பிவந்து ஒரு கொலையைத் தடுக்க முயலும் கதை வந்தது. அதை வரைந்த ஜான் பர்ன், 1972இல் ஒளிபரப்பான டாக்டர் ஹூ கதையொன்று தம் நினைவடியில் கிடந்ததைப் பின்னாளில் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆலன் மூர் தமது ஆரம்ப நாட்களில் 'டாக்டர் ஹூ' வாரப் பத்திரிகைக்கே சிறு சித்திரக்கதைகள் எழுதினார். அங்கே படைத்த பாத்திரங்களைப் பிற்பாடு 'கேப்டன் பிரிட்டன்' என்ற அதிமனிதக் கதைக்குள் கொண்டுபோனார். அவருடைய 'வாட்ச்மென்' (1986-87) முடிவில் போலி வேற்றுக்கிரக ஜந்துவைக் காட்டி உலகைப் பயமுறுத்தி ஒன்றுசேர்க்கிறார்கள். 1963இல் 'அவுட்டர் லிமிட்ஸ்' தொடரில் வந்த கதையும் இதே யோசனையில் ஓடுவதுதான். அந்தத் தொடரின் பெயர் 'வாட்ச்மென்' கடைசி இதழுக்குள்ளேயே வருகிறது. இரவலை மறைக்காமல் பிரதிக்குள்ளேயே வைத்துக்காட்டும் காரியம் இது.

4

இனி நம் பக்கம். பிரிட்டனில் 'லயன்' 1974இல் நின்றுபோயிற்று. பத்து வருஷம் கழித்து, 1984இல், அதே பெயரில் சிவகாசியில் லயன் காமிக்ஸ் பிறந்தது. ஆர்ச்சியும் ஸ்பைடரும் தமிழ் பேசினார்கள். பெற்ற ஊரில் மறந்துபோன நாயகர்கள் இங்கே மாதாமாதம் பெட்டிக்கடையில் தொங்கினார்கள். 2005இல் 'ஆல்பியன்' என்ற தொடரில் ஆர்ச்சி, ஸ்பைடர், இரும்புக்கை எல்லோரையும் அங்கே தூசிதட்டி எழுப்பினபோது அது 'மீட்பு' எனப்பட்டது. இங்கே மீட்க என்ன இருந்தது? இவர்கள் சாகவே இல்லையே.

இரும்புக்கை மாயாவியின் விஷயத்தில் இன்னொன்று. மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். 1972இல் இந்தக் கதை தமிழில் வந்தது. அதே 1972இல்தான் மின்கட்டண உயர்வுக்கு எதிராகக் கொங்கு விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தை மறித்தார்கள். இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கிணற்று மோட்டார் ஓடினால்தான் சோறு என்றிருந்த வீட்டில், 'கரண்டு' என்ற சொல்லுக்கு லண்டன் பையனுக்கு இல்லாத எடை இருந்தது. கரண்டைக் குடித்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறவனை அந்த வீட்டுப் பையன் வேறு மாதிரித்தான் வாசித்திருப்பான். பாதிப்பைப் பேசுகிறவர்கள் மறந்துபோவது இந்த வாசிப்பைத்தான். பிரதி பயணம் செய்கையில் அதன் அர்த்தமும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு வருவதில்லை.

இதைச் சொல்லிப்புட்டு எல்லாம் சரி என்று கைகழுவ முடியாது. கோட்டையோடு கூடவே காட்டுமிராண்டிச் சித்திரங்களும் வந்தன. கறுத்த உடம்பு எப்போதும் பயந்தோடும், வெள்ளை உடம்பு எப்போதும் கட்டளையிடும். கறுத்த தோலுள்ள நாம் அதைப் படித்துக் கைதட்டினோம். தமிழுக்கென்று நிலைத்து நின்ற அதிமனிதன் ஒருவனும் இந்தக் காகிதங்களில் உருவாகவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பத்திரிகைத் தொடராக வந்து தொலைக்காட்சிக்குப் போனது. அங்கிருந்து காமிக்ஸுக்கு ஒரு வழி திறந்திருக்கலாம், திறக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை. சிறுபத்திரிகைகள் காமிக்ஸைப் 'பிள்ளைகள் சமாச்சாரம்' என்று தள்ளிவைத்ததற்கும் இதில் பங்கு உண்டு.

எங்கிருந்து வந்தது என்று கேட்பது சுலபம். வந்ததை வாசித்தவன் என்ன செய்தான் என்று கேட்பது கடினம். அதற்கு அந்தப் பழைய தாள்கள் வேண்டும், படித்தவர்களின் வாய்மொழி வேண்டும். மட்ட ரகக் காகிதம் நாளுக்கு நாள் பொடிந்துகொண்டிருக்கிறது. படித்தவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. கேட்பதானால் இப்போதே போய்க் கேட்க வேண்டும்.